பழைய அக்வா: திருத்துவதா, விற்பதா?

பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் காரான டொயோட்டா அக்வாவின் 2012, 2013 மொடல்கள் இலங்கைத் தெருக்களில் ஏராளம். ஹைபிரிட் பற்றரி பழுதாகி எச்சரிக்கை விளக்கு எரிந்த நாளிலிருந்து, திருத்துவதா விற்பதா என்று வீட்டில் இதே பேச்சுத்தான்.

திருத்துவதென்றால் முதலில் எதைத் திருத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். பின் இருக்கைக்கு அடியில் இருக்கும் ஹைபிரிட் பற்றரியில் 20 மொடியூல்கள் (சிறு பற்றரிகள்), மொத்தம் 144 வோல்ட். பழுதான ஒன்றை மட்டும் மாற்றினால் செலவு குறைவு. ஆனால் மற்ற 19 மொடியூலுக்கும் அதே வயது. கொஞ்ச நாளில் அடுத்தது படுக்கும். அதனால் மாற்றினால் முழுப் பற்றரியையும் மாற்றுங்கள். அதற்கு முன் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பற்றரியின் ஆயுளைத் தின்பது சூடுதான். விசிறி அடைத்தபடியே கிடந்தால் புதுப் பற்றரியும் சீக்கிரம் போய்விடும்.

விற்பது? விளக்கு எரியும் காரை வாங்க வருபவர், பற்றரிச் செலவுக்கு மேலேயே விலையில் கழிப்பார். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கினாலும் வரி மிகக் கடுமை. கையில் வரும் காசுக்கு இதே தரத்தில் இன்னொரு கார் கிடைப்பது கஷ்டம்.

என்ஜினும் காரின் பொடியும் (உடற்பகுதி) நன்றாக இருந்தால் நான் திருத்தவே சொல்வேன். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் அடிக்கடி குறைகிறது, அடியில் துருவும் ஏறிவிட்டது என்றால், சரி, விற்றுவிடுங்கள். வாங்குபவரிடம் குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும்.