தலையில் ஒட்டினால் வளையும், வாலில் ஒட்டினால் பிளக்காது

செல்லைச் சுற்றியுள்ள சவ்வைக் கட்டும் கொழுப்பான பாஸ்போலிப்பிட் என்றதும் பள்ளிப் புத்தகத்துப் படம்தான் நினைவுக்கு வரும். உருண்டையாக ஒரு தலை, கீழே இரண்டு வால்கள். தலைகள் தண்ணீர்ப் பக்கமும் வால்கள் உள்பக்கமுமாக இரண்டு அடுக்காய் நின்றால் செல் சவ்வு. இந்தப் படத்துக்குள் அடங்காத இரண்டு கொழுப்புகள் உண்டு. இரண்டுமே இரட்டைகள், அதாவது இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்து ஒட்டியது போன்றவை. ஒட்டிய இடம் மட்டும் வேறு.

முதலாவது கார்டியோலிப்பின். 1942-ல் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்ததால் இந்தப் பெயர். சிபிலிஸ் என்ற பால்வினை நோயைக் கண்டுபிடிக்கக் கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை, அதில் இன்றும் இதுதான் முக்கியச் சரக்கு. இரண்டாவது டெட்ராஈதர். 1972-ல் தாமஸ் பிராக் குழுவினர் விவரித்த சல்ஃபோலோபஸ் போன்ற ஆர்க்கியாக்களின் (பாக்டீரியா போலத் தெரிந்தாலும் தனி வகையான ஒற்றைச் செல் உயிர்கள்) சவ்வு பெரும்பாலும் இதனால் ஆனது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில், 80 டிகிரி சூட்டில், அமில ஊற்றில் வாழும் உயிர் அது.

கார்டியோலிப்பினில் ஒட்டு தலைப்பக்கம். சின்னத் தலை, அதற்குக் கீழே நான்கு வால்கள். மேலே குறுகிக் கீழே விரிந்த கூம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூம்புகளை நெருக்கி அடுக்கினால் தட்டையாக நிற்காது, வளையும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு மடிப்பு மடிப்பாக இருப்பதற்கு இந்த வளைவு கைகொடுக்கிறது. அந்தச் சவ்வின் கொழுப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இதுதான். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் சுவாசச் சங்கிலிப் புரதங்களைக் கூட்டமாகப் பிடித்து வைப்பதும் இதன் வேலை.

ஒரே ஒரு வால் குறைந்தால் என்ன ஆகும்? 1983-ல் டச்சு மருத்துவர் பீட்டர் பார்த் விவரித்த நோயில் இதைப் பார்க்கலாம். வால்களைச் சரிசெய்யும் டாஃபாஸின் என்ற நொதி பழுதாகிறது. மூன்று வால் மட்டும் உள்ள மூலக்கூறுகள் சேர்கின்றன, மடிப்புகள் குலைகின்றன. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும் இந்த நோயில் இதயத் தசை தளர்ந்துபோகிறது. ஒரு கொழுப்பின் வடிவம் ஒரு குழந்தையின் நாடித்துடிப்பு வரைக்கும் போகிறது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, டெட்ராஈதருக்கு வருவோம். இங்கே ஒட்டு வால்பக்கம். 40 கார்பன் நீளச் சங்கிலிகள் இரண்டு, இருமுனையிலும் தலை. அதனால் சவ்வில் இரண்டு அடுக்கு கிடையாது, ஒரே அடுக்குதான். சாதாரணச் சவ்வை உறையவைத்து உடைத்தால் இட்லியைப் பிட்ட மாதிரி நடுவில் இரண்டாகப் பிரியும். இது அப்படிப் பிரியாது, நடுவில் பிரிய இடமே இல்லையே! வாலைத் தலையோடு இணைப்பது, சாதாரணச் சவ்வில் உள்ள எஸ்டருக்குப் பதில், ஈதர் பிணைப்பு என்பதால் அமிலமும் சூடும் எளிதில் அறுக்க முடியாது. சூடு ஏற ஏறச் சங்கிலிக்குள் ஐங்கோண வளையங்களைக் கூட்டி இன்னும் நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் அமிலத்தின் புரோட்டான்கள் உள்ளே கசிவதும் குறைவு.

இதை வைத்து டெட்ராஈதர்தான் உசத்தி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இதயத்தின் கார்டியோலிப்பினில் பெரும்பாலும் எட்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு, ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். உண்மைதான். ஆனால் அந்தக் கெடுதலையே செல் பயன்படுத்திக்கொள்கிறது: கார்டியோலிப்பின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சைட்டோகுரோம் சி என்ற புரதம் கழன்று வெளியே போய், செல் தன்னை முடித்துக்கொள்ளும் வேலை தொடங்குகிறது. எதற்கும் அசையாத சவ்வால் இப்படிச் சேதி சொல்ல முடியாது. மடிந்து, பிரிந்து, சேர்ந்துகொண்டே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என் ஓட்டு கார்டியோலிப்பினுக்குத்தான். வயிற்று அமிலத்தைத் தாண்டி மருந்தைக் கொண்டுபோகும் நுண்குமிழி செய்ய வேண்டுமா, அப்போது டெட்ராஈதர்.

அப்புறம் ஒன்று. செல் செத்ததும் கார்டியோலிப்பின் சீக்கிரமே சிதைந்துவிடும். கடல் ஆர்க்கியாக்கள் விட்டுப்போன டெட்ராஈதர் சங்கிலிகளோ கடலடிச் சேற்றில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றின் வளையங்களை எண்ணி, அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று 2002 முதல் கணக்குப் போட்டு வருகிறார்கள்.