வாகன பாடியும் டையும் வரைவோருக்கு ரைனோ: ஒரு மதிப்புரை

காஸ்பார் மோஞ்சு 1795இல் பாரிசில் விரிவுரைகளாகக் கற்பித்த விளக்க வடிவியல் (முப்பரிமாண உருவைத் தளத்தில் வரைந்து அளவு காணும் முறை), கார்க் கதவு, ஃபெண்டர் போன்ற தகட்டு உறுப்புகளையும் தகட்டை அழுத்தி அவற்றை உருவாக்கும் அச்சுகளான டைகளையும் வரைவோருக்கு இன்றும் அன்றாடம் தேவைப்படுகிறது. சாய்ந்த விளிம்பின் உண்மை நீளத்தையும், சாய்ந்த தளத்தின் உண்மை வடிவத்தையும் அறியாமல் டையில் கோடு போட முடியாது. சியாட்டிலைச் சேர்ந்த மெக்னீல் நிறுவனத்தின் ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளை இந்த வேலைக்காக மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

வடிவியலை வரைபவர் கையிலேயே விட்டுவைப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. தகட்டை இழுத்து வடிவாக்கும் டிரா டையில், அழுத்தும் பகுதியான பஞ்ச் இறங்கும் திசைக்கு எந்த இடமும் அண்டர்கட் (உள்நோக்கி மடிந்து பஞ்ச் எட்டாத இடம்) ஆகாதபடி, உறுப்பை அது காரில் இருக்கும் நிலையிலிருந்து சாய்த்து வைக்க வேண்டும். அதைச் சோதிக்கும் டிராஃப்ட் ஆங்கிள் அனாலிசிஸ் கட்டளை, அப்போது நடப்பிலுள்ள கன்ஸ்ட்ரக்‌ஷன் பிளேனை (வரைவதற்கு அடிப்படையான தளம்) வைத்தே கோணத்தை அளந்து வண்ணங்களாகக் காட்டுகிறது. அத்தளத்துக்குச் செங்குத்தான சுவர் 0 பாகை, இணையான பரப்பு 90 பாகை. ஆகவே பிரஸ் திசைக்குச் செங்குத்தாகத் தளத்தை நிறுத்திய பிறகே கட்டளையை இயக்க வேண்டும். காகிதத்தில் துணைத் தோற்றம் (சாய்ந்த தளத்தை நேர்முகமாகக் காட்டும் தோற்றம்) வரைந்து பழகியவருக்கு இது கை வந்த வேலை. பழகாதவர் திரையின் வண்ணங்களை நம்பித் தவறான திசைக்குச் சரிபார்த்துவிடக்கூடும் என்பதால், அடிப்படையைக் கற்ற பிறகே இதைத் தொடுமாறு மாணவர்களை வற்புறுத்துவேன்.

பரப்புகள் சேருமிடத்தில் வளைவு தொடர்கிறதா என்பதை பரப்பின் மேல் பிரதிபலிப்பு போலத் தோன்றும் ஸீப்ரா பட்டைகள் தெளிவாகக் காட்டுகின்றன.

விரிப்பு (வளைந்த பரப்பைத் தட்டையாக்கிய வடிவம்) வரைவதில் எச்சரிக்கை தேவை. உருளை, கூம்பு போல ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பை அன்ரோல் கட்டளை சரியாக விரிக்கிறது. இரு திசையிலும் வளைந்த ஃபெண்டருக்கு உள்ள ஸ்குவிஷ் தருவது தோராயமே. டையின் பைண்டர் தகட்டின் விளிம்பை அழுத்திப் பிடிப்பதும், தகடு இழுபட்டு மெலிவதும் அதன் கணக்கில் வருவதில்லை. எனவே டிரா உறுப்பின் பிளாங்க் (அழுத்தும் முன் வெட்டிய தட்டைத் தகடு) அளவை அதிலிருந்து முடிவு செய்யக்கூடாது. சுருக்கம், ஸ்பிரிங்பேக் (அழுத்தம் நீங்கியதும் தகடு சற்று மீள்வது) ஆகியவற்றுக்கும் தனி உருவாக்கப் பகுப்பாய்வு மென்பொருளே வேண்டும்.

கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்யும் பெரிய வடிவமைப்பு அலுவலகங்கள் இதற்கு மாறக் காரணம் இல்லை: பானட் கோடு ஒன்று மாறினால் அதைச் சார்ந்த பரப்புகளை ரைனோவில் பெரும்பாலும் கையால் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். டை செய்யும் சிறிய டூல் ரூம்களுக்கும் மாணவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆண்டுச் சந்தா இன்றி ஒரே முறை வாங்கலாம். 90 நாள் முழு வசதியுடன் சோதித்தும் பார்க்கலாம். அந்த நாட்களில் தெரிந்த உறுப்பு ஒன்றின் டிரிம் கோட்டு (மிகைத் தகட்டை வெட்டும் கோடு) நீளத்தைக் காகிதத்திலும் கண்டு ஒப்பிடுவது நல்லது.