வேலூர் மாடியில் சக்குலென்ட்: மழைக்காலத்தில் தொட்டியை எங்கே வைப்பது?

குளிர்காலத்தில் சக்குலென்டை, அதாவது இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுள்ள செடியைக் காப்பாற்ற வெளிநாட்டுக்காரர்கள் தருகிற யோசனையெல்லாம் உறைபனிக்கானது. வேலூரில் மார்கழி ராத்திரியிலும் பெரும்பாலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இங்கே செடியைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை மழை. அதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கணும்.

முதலில் மொட்டை மாடி வெட்டவெளி. கற்றாழை, பிரண்டை, சதுரக்கள்ளி எல்லாம் நம்ம பக்கத்துக் கரட்டில் தானாக வளர்கிறவை, தொட்டியில் தண்ணீர் தேங்காத வரை அங்கேயே இருக்கட்டும். எச்செவேரியாவை மட்டும் விடாதீர்கள். ரோஜா மாதிரி அடுக்கிய இலைகளின் நடுவில் தண்ணீர் நின்று, மேலே பச்சையாகத் தெரியும்போதே தண்டு உள்ளே அழுகிவிடும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்த மாதிரி விடாத மழை வந்தால் எந்த மண்கலவையும் தாங்காது.

வீட்டுக்குள் வைத்தால் மழை படாது, சரி, ஆனால் வெளிச்சம் போதாமல் எச்செவேரியா வெளிறி நீண்டுவிடும், நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது, மாசியில் வெயிலுக்கு எடுத்தால் இலை கருகும். ஹவோர்த்தியா என்கிற சின்னச் சக்குலென்டுக்கு மட்டும் ஜன்னலோரம் போதும்.

என் ஓட்டு தெற்குப் பக்கச் சன்ஷேடுக்குத்தான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அதன் அடியிலும் சாய்வாக வெயில் விழும், மழையோ பெரும்பாலும் படாது, செலவும் இல்லை. தெற்கில் இடமில்லாதவர்கள் கண்ணாடி மாதிரியான ஷீட்டை மேலே மட்டும் போட்டு நாலு பக்கமும் திறந்து விடலாம். காற்று ஓடினால்தான் மண் காயும். பங்குனி வந்ததும் ஷீட்டைக் கழற்றி நிழல்வலை கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஷீட்டுக்கு அடியில் சூடு அடைந்துகொள்ளும்.

தொட்டி விஷயம் சுலபம். வெட்டவெளிக்குப் பெயின்ட் அடிக்காத மண் தொட்டி, அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். கூரைக்கு அடியில் பிளாஸ்டிக்கும் பரவாயில்லை. அடியில் ஜல்லி பரப்புவதில் பயனில்லை, தண்ணீர் அதற்கு மேலே உள்ள மண்ணிலேயே நிற்கும். அந்த ஜல்லியையும் உடைத்த செங்கலையும் செம்மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்துவிடுவது மேல். கீழே தட்டு வேண்டாம். அடினியம் (பாலைவன ரோஜா) இலை உதிர்த்தால் பதறி ஊற்றாதீர்கள், ஓய்வெடுக்கிறது, மண் முழுக்கக் காயட்டும்.

ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மூடுபனியில் மண் காயவே நாளாகும். அங்கே ஜல்லியை இன்னும் கூட்டுங்கள், தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள்.