அரசனின் கட்டளை, வணிகனின் கடன்: பதினான்காம் லூயியின் பிரான்சும் டச்சுக் குடியரசும்

1669இல் பிரெஞ்சு நிதி நிர்வாகத்தின் தலைவர் கோல்பேர் ஒரு கணக்குப் போட்டார். ஐரோப்பாவின் கடல் வணிகத்தைச் சுமப்பவை ஏறத்தாழ 20,000 கப்பல்கள். அவற்றில் 15,000 முதல் 16,000 வரை டச்சுக்காரர்களுடையவை. பிரான்சுக்கு இருப்பவை 500, 600தான். எண்களில் மிகை உண்டு. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு அடுத்த பத்தாண்டுகளின் போக்கையே தீர்மானித்தது. உலகத்தின் மொத்த வணிகம் கூடப்போவதில்லை. ஆகவே பிரான்சுக்கு ஒரு கப்பல் கூடுதலாக வேண்டுமென்றால் அதை இன்னொருவரிடமிருந்துதான் பறிக்க வேண்டும். வணிகவாதத்தின் கரு இதுதான். பறிக்கப்பட வேண்டியவர் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. 2 கோடி மக்கள் உள்ள ஒரு பேரரசு, 20 லட்சம் பேர் வாழ்ந்த ஒரு சதுப்பு நிலக் குடியரசை, அதாவது இன்றைய நெதர்லாந்தை, பார்த்துப் பொறாமைப்பட்டது.

இந்தப் போட்டியைச் 'சுதந்திரத்துக்கும் கொடுங்கோலுக்கும் நடந்த சண்டை' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு நாடுகளுமே ஏகபோகக் கம்பெனிகளை நடத்தின, இரண்டுமே வணிகத்துக்காகப் பீரங்கி தூக்கின. டச்சு நகரங்களை ஆண்டவர்களும் மக்கள் வாக்களித்து வந்தவர்கள் அல்லர். பதவியைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட சில பணக்காரக் குடும்பங்கள். நான் பார்க்கும் வேறுபாடு ஒன்றே: ஆள்பவரை நம்பிப் பணம் கொடுக்க ஆள் இருந்தார்களா?

கம்பெனிகளையே எடுத்துக்கொள்வோம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கியபோது சுமார் 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) முதலீடு சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் கிளைக்கான பதிவேடு டிர்க் வான் ஓஸ் என்ற வணிகரின் வீட்டில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. 1,143 பேர் பெயர் எழுதினார்கள். கடைசி நாளில் அந்த வீட்டுப் பணிப்பெண் நீல்ட்கென் கொர்னேலிஸ் 100 கில்டருக்குத் தன் பெயரையும் எழுதச் சொன்னாள். அவளுடைய கூலிக்கு அது பெரிய தொகை. அதே வீட்டில் பெரிய மனிதர்கள் வந்து பெயர் எழுதுவதைப் பார்த்தவள் அவள். பங்குதாரருக்கு ஓட்டுரிமை கிடையாது, கணக்கைக் காட்டு என்று அவர்கள் பின்னால் போராட வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் பங்கை நினைத்த நாளில் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். அதற்கு ஒரு சந்தை இருந்தது.

கோல்பேரின் கம்பெனி, அதாவது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1664இல் பிறந்தது. அறிவித்த முதலீடு 150 லட்சம் லீவர் (பிரெஞ்சு நாணயம்). அரசரே 30 லட்சம் தந்தார், முதல் சில ஆண்டுகளின் நட்டத்தையும் தன் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றார். அப்படியும் வணிகர்கள் அசையவில்லை. அரசவைப் பிரபுக்கள், நீதிபதிகள், நகர மன்றங்கள் என்று ஒவ்வொருவருக்கும் அரசரின் விருப்பம் 'தெரிவிக்கப்பட்டது'. கொடுத்தவர்கள் அதை இன்னொரு வரியாக நினைத்துத்தான் கொடுத்தார்கள். பலர் முதல் தவணையோடு நிறுத்திக்கொண்டார்கள். அறிவித்த தொகை கடைசிவரை சேரவில்லை.

தொழிற்சாலைகளில் கதை வேறு மாதிரி. இங்கே கோல்பேருக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். நல்ல கம்பளித் துணி டச்சுக்காரர்களுக்குத்தான் வருகிறது என்றால் ஒரு டச்சுக்காரரையே கூட்டி வந்துவிடலாம் என்று முடிவு செய்தார். 1665இல் வான் ரொபெ என்ற நெசவு முதலாளி தன் தொழிலாளர்களோடும் தறிகளோடும் ஆப்வில் நகருக்கு வந்தார். அரசுக் கடன், ஏகபோக உரிமை, அதோடு கத்தோலிக்க நாட்டில் தங்கள் புராட்டஸ்டண்ட் வழிபாட்டைத் தொடர அனுமதி. அந்த ஆலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது.

ஆனால் தரத்தைக் காக்க அவர் பிடித்த வழி அச்சம். 1670ஆம் ஆண்டு ஆணைப்படி, குறையுள்ள துணியை நெய்தவர் பெயரோடு கம்பத்தில் கட்டி 48 மணி நேரம் ஊர் பார்க்க வைப்பார்கள். பிறகு அதைக் கிழித்தோ எரித்தோ விடுவார்கள். மூன்றாம் முறை பிடிபட்டால் துணிக்குப் பக்கத்தில் நெய்தவரையும் 2 மணி நேரம் கட்டி வைப்பார்கள். டச்சு நெசவு நகரமான லைடனிலும் துணிச் சோதனை கடுமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு துணியும் நகரச் சோதனைக் கூடத்துக்குப் போய் ஈய முத்திரை வாங்க வேண்டும். ஆனால் சோதித்தவர்கள் துணியோடு வாழ்ந்த உள்ளூர்க்காரர்கள். பாரிசிலிருந்து இத்தனை அங்குல அகலம் என்று விதி எழுதி அனுப்பினால், அடுத்த ஆண்டு வாங்குபவரின் விருப்பம் மாறும்போது நெய்பவர் என்ன செய்வார்?

முடியாட்சியின் பக்கம் எல்லோரும் காட்டும் சான்று தெற்குப் பிரான்சின் மிதி கால்வாய். 1666இல் தொடங்கி 1681இல் திறந்தார்கள், 240 கிலோமீட்டர். மலையோடைகளைத் தேக்கி, நீரை மேட்டுக்குக் கொண்டுவந்து, துலூஸ் நகரத்தை மத்தியதரைக் கடலோடு இணைத்த வேலை அது. பல ஊர்களின் எதிர்ப்பைத் தாண்டி அதை முடிக்க ஒரு அரசர் தேவைப்பட்டார் என்பதை மறுக்க முடியாது. ஆனால் டச்சு நகரங்களும் 1632க்கும் 1665க்கும் இடையில் குதிரை இழுக்கும் பயணப் படகுகளுக்காக 600 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய்ப் பாதை அமைத்தன. பக்கத்துப் பக்கத்து நகரங்கள் உட்கார்ந்து பேசி, செலவைப் பங்கிட்டு, கடன் வாங்கிக் கட்டியவை. சுங்க வருமானம் போய்விடும் என்று குறுக்கே நின்ற ஊர்களும் உண்டு. பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. படகு மட்டும் குறித்த நேரத்தில் கிளம்பியது.

கடனுக்கு வருவோம். 1655இல் டச்சுக் குடியரசின் ஏழு மாகாணங்களில் ஒன்றான ஹாலந்து தன் கடனுக்கான வட்டியை 4 சதவீதமாகக் குறைத்தது. யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஓடவில்லை. வரியை விதித்த நகர மன்றத்தாரே கடன்பத்திரங்களையும் வைத்திருந்தார்கள். அவர்கள் ஏமாற்றினால் தங்களையே ஏமாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வட்டியைக் கட்டியது ரொட்டிக்கும் பீருக்கும் போட்ட வரி, அதாவது ஏழையின் வயிறு; இதை விட்டுவிட்டுக் குடியரசைப் புகழ எனக்கு மனமில்லை.

பிரான்சில் அரசர் நினைத்தால் கணக்கைத் திருத்தலாம். 1661இல் தனி நீதிமன்றம் அமைத்து அரசுக்குக் கடன் கொடுத்தவர்களை விசாரித்து அபராதம் பிடுங்கினார்கள். பழைய நிதி அமைச்சர் ஃபூக்கே சிறைக்குப் போனார். கருவூலம் நிரம்பியது. ஆனால் அப்படிப்பட்டவருக்கு மறுபடி கடன் கொடுப்பவர் அந்த ஆபத்துக்கும் சேர்த்து விலை வைக்க மாட்டாரா?

1672இல் எல்லாம் சோதனைக்கு வந்தது. கோல்பேர் 1667இல் டச்சுத் துணிக்குச் சுங்க வரியைப் பலமடங்கு உயர்த்தியிருந்தார். டச்சுக்காரர்கள் பிரெஞ்சு ஒயினையும் பிராந்தியையும் தடுத்துப் பதிலடி கொடுத்தார்கள். பிறகு லூயி லட்சம் பேருக்கு மேற்பட்ட படையோடு கிளம்பி ஜூனில் ரைன் நதியைக் கடந்தார். டச்சு நகரமான உட்ரெக்ட் வீழ்ந்தது. குடியரசின் குறை அப்பட்டமாகத் தெரிந்த நேரம் அது. தளபதிக் குடும்பமான ஆரஞ்சு வம்சம் தலையெடுத்துவிடும் என்ற பயத்தில் ஹாலந்தின் ஆட்சியாளர்கள் தரைப்படையை நலிய விட்டிருந்தார்கள். முக்கிய முடிவு ஒவ்வொன்றுக்கும் ஏழு மாகாணங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அதில் ஹாலந்து மட்டுமே செலவில் 100க்கு 58 பங்கு கட்டியது. ஆற்றலும் நேர்மையும் நிறைந்த தலைவர் யோஹான் டி விட்டை ஆகஸ்ட் 20 அன்று ஹேக் நகரில் கும்பல் அவருடைய அண்ணனோடு சேர்த்துக் கொன்று, உடலைக் கூறு போட்டது.

ஆனாலும் குடியரசு வீழவில்லை. வயல்களில் நீரைத் திறந்துவிட்டுப் படையைத் தடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாம் வங்கியில் மக்கள் பணம் கேட்டுக் குவிந்தபோது, கேட்டவருக்கெல்லாம் வங்கி கொடுத்தது. அப்போது வெளிவந்த நாணயங்கள் சிலவற்றில், முன்பு நகர மன்றக் கட்டடம் எரிந்தபோது கருகிய தடம் இருந்தது என்று பொருளியலாளர் ஆடம் ஸ்மித் சொல்கிறார். வைத்த பணம் வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது! லூயியின் அரண்மனைகள் அத்தனையையும்விட எனக்கு இந்தக் கருகிய நாணயங்கள் மேலானவை. 1678இல் நைமேகனில் சமாதானம் ஆனபோது ஸ்பெயினிடமிருந்த ஃபிரான்ஷ்-கோம்தே பகுதி லூயிக்குக் கிடைத்தது. ஆனால் 1667இன் சுங்க வரியை அவர் திரும்பப் பெற வேண்டியிருந்தது. எதற்காகக் கோல்பேர் அத்தனை பாடுபட்டாரோ அதுவே பேரத்தில் போயிற்று.

1685இல் புராட்டஸ்டண்ட்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை லூயி ரத்து செய்தார். சுமார் 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். நெசவாளர்கள், கடிகாரக்காரர்கள், வணிகர்கள் அவர்களில் ஏராளம். பலரை டச்சு நகரங்கள் ஏற்றுக்கொண்டன. கோல்பேர் அதற்கு 2 ஆண்டுகள் முன்பே இறந்திருந்தார். 20 ஆண்டு உழைப்பில் சேர்த்த கைவினைத் திறனை ஒரே கையெழுத்தில் துரத்த முடிகிற ஆட்சியை நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்? என் தேர்வு குடியரசுதான்.

ஆனால் அந்தத் தேர்வு ஐரோப்பாவுக்குள் மட்டுமே செல்லும். ஜாதிக்காய் ஏகபோகத்துக்காக டச்சுக் கம்பெனி 1621இல் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமைகளாக ஏற்றியும் ஏறக்குறைய இல்லாமலே ஆக்கியது. ஆம்ஸ்டர்டாமில் கொடுத்த வாக்கைக் காத்த அதே வர்க்கம்தான் அதையும் நடத்தியது.

நம் கடற்கரையிலும் இதே பகை ஓடியது. 1672இல் பிரெஞ்சுக் கடற்படை சாந்தோமைப் பிடித்தது. கோல்கொண்டா படையும் டச்சுக்காரர்களும் முற்றுகையிட 1674இல் அது கைவிட்டுப் போனது. அதே ஆண்டு பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றினார். 1693இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியையும் பிடித்தார்கள். ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்கிடையே 1686இல் தன் நாட்டு நெசவைக் காக்க பிரெஞ்சு அரசு இந்திய வண்ணத் துணிகளுக்குத் தடை போட்டது. அந்தத் துணியை வாங்கத்தான் அதன் சொந்தக் கம்பெனி புதுச்சேரியில் உட்கார்ந்திருந்தது. டச்சுக் குடியரசு அப்படித் தடுக்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் துணி போய்க்கொண்டே இருந்தது. சோழமண்டல நெசவாளிக்கு இவர்களில் யார் முடியாட்சி, யார் குடியரசு என்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரே ஊரில் இரண்டு கம்பெனிகளின் தரகர்கள் முன்பணத்தோடு வந்து நின்றால் விலை பேச அவருக்கு இடம் இருந்தது. ஒருவர் மட்டும் வந்தால் சொன்ன விலைதான்.