மடிநோய்க்கு ஊசி போட வருகிற "டாக்டர்": மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க

நாமக்கல் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். பைக்கில் மருந்துப் பையோடு வந்து தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்கிற ஒருவர் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார். பெயர் போடவில்லை, இவரை மாதிரி நிறையப் பேர் சுற்றுகிறார்கள்.

எங்கள் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு மடிநோய். ஒரு பக்கம் மடி கல்லு மாதிரி ஆகி, காம்பில் பால் திரிதிரியாக வந்தது. ஆள் வந்து ஊசி போட்டார், வீக்கம் வடிந்ததும் "சரியாப் போச்சுங்க, இனி வேண்டாம்" என்று கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளில் மறுபடி வீக்கம். "இது அதைவிட பவருங்க" என்று வேறு பாட்டில், விலையும் கூட. அப்புறம் இன்னொன்று. பில் கேட்டால் சிரிப்பு. காலி பாட்டில்களை மகள் எடுத்துப் படித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனிப் பெயர்தான் வேறு வேறு, உள்ளே இருப்பது எல்லாமே செஃப்ட்ரியாக்சோன்! மனிதர்களுக்கும் ஆஸ்பத்திரியில் போடுகிற ஆன்டிபயாடிக், அதாவது கிருமியைக் கொல்கிற மருந்து அது. 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்கவே கூடாது. இவருக்கு எந்தக் கடை கொடுக்கிறது என்பது தனிக்கதை.

பாலைப் பற்றிக் கேட்டதற்கு "தாராளமா ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். வீட்டில் உறை ஊற்றிப் பார்த்தோம், மறுநாளும் தயிராகவில்லை, ஏனென்றால் பாலில் மருந்து தங்கினால் தயிரை உறைய வைக்கிற பாக்டீரியாவையும் அது விடாது. ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று கேளுங்கள், அதுவரை சொசைட்டிக்கும் வேண்டாம், கன்றுக்கும் வேண்டாம். கன்றின் குடலில் இருக்கிற கிருமிகளும் அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

கடைசியில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாலைக் கொடுத்துப் பார்த்தோம். கிருமியை வளர்த்து அதன்மேல் சின்னச் சின்ன மருந்து வில்லைகளை வைக்கிறார்கள், எந்த வில்லையைச் சுற்றித் தெளிவாக வட்டம் விழுகிறதோ அந்த மருந்து கேட்கும். எங்களுக்கு பென்சிலினைச் சுற்றியும் வட்டம் இல்லை, செஃப்ட்ரியாக்சோன் வகையைச் சுற்றியும் இல்லை. கிருமியின் பெயர் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அதிலும் பென்சிலின் குடும்பத்து மருந்தான மெத்திசிலினுக்கு அடங்காத ரகமாம். இது புதுசும் இல்லை, பெல்ஜியத்தில் மாட்டுப் பாலில் இதைக் கண்டு 1972இலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த ரகத்துக்குப் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசியை எந்தக் கம்பெனி பெயரில் போட்டாலும் தண்ணீர்தான். பாதியில் நிறுத்தி நிறுத்திப் போட்டால் அடங்குகிற கிருமி சாகும், அடங்காதது மிஞ்சிப் பெருகும் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார்.

அதனால் முதல் ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுத்துவிடுங்கள். காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் சில பீய்ச்சலைக் கீழே விட்டு, சுத்திகரித்த பாட்டிலில் பிடித்து ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அவசரம் என்றால் 1962க்கு அடியுங்கள், அரசு வண்டி டாக்டரோடு வரும். யார் வந்தாலும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், சங்கடமே வேண்டாம்.

எங்கள் பசுவுக்கு ஒரு காம்பு அடைத்தே போய்விட்டது. அந்த ஆள் மீதிப் பணம் கேட்டு இன்னும் போன் பண்ணுகிறார். பில்லோடு வாங்க என்றால் உடனே கட்.