ஒரு கோடியா, பாட்டுக்குப் பாட்டா? தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அலசல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, ராமேஸ்வரம் தீவிலுள்ள எங்கள் ஊர் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மற்ற மாதங்களில் வாரத்துக்கு 3 ராத்திரி கடலில் கிடக்கிற சித்தப்பா, தடைக்காலத்தில் பொழுது சாய்ந்தால் டிவி முன்னால்தான் இருப்பார். பக்கத்தில் அப்பத்தா கிழிந்த வலையை மடியில் போட்டுச் சரிசெய்துகொண்டிருக்கும். இப்போது பழைய நிகழ்ச்சி எதையும் யூடியூப்பில் தேடிப் போட்டுவிடலாம். எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. சித்தப்பாவுக்கு ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’, அப்பத்தாவுக்கு ‘பாட்டுக்குப் பாட்டு’. நான் அப்பத்தா கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கோடி. சரத்குமார் சன் டிவியில் ‘கோடீஸ்வரன்’ நடத்தியபோதே அது எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. அப்புறம் விஜய் டிவியில் 2012-இல் சூர்யா, 2013-இல் பிரகாஷ்ராஜ், 2016-இல் அரவிந்த்சாமி. மூவரில் எனக்குப் பிடித்தவர் பிரகாஷ்ராஜ்தான். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஊர்க்கதை கேட்கிற மாதிரி பேசுவார். ஆட்டத்தின் அமைப்பும் கெட்டியானது. ஒரு கேள்வி, நாலு விடை. தெரியாதவன்கூட ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம் என்பதால் சின்னப்பிள்ளையும் வாய் திறக்கும். சித்தப்பா கிரிக்கெட் கேள்வி எதையும் விட்டதில்லை.

ஆனால் இழுக்கிறார்கள். விடை சொல்லி முடித்த பிறகு ஒரு முழு விளம்பர இடைவேளை. அதற்குள் சித்தப்பா வெளியே போய் ஒரு டீயே குடித்துவிட்டு வந்துவிடுவார். இன்னொரு குறை எனக்குப் பெரிசாகவே படுகிறது. கேள்விகள் நம் பக்கத்து வாழ்க்கையைத் தொடுவதேயில்லை. மரிக்கொழுந்து என்றால் வாசனைச் செடி என்பார்கள். எங்கள் அத்தையைக் கேட்டால் அது பாசி. தீவு ஓரத்தில் கண்ணாடி மாட்டி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைக் கையால் பறித்து வருகிற பெண்களுக்கு மரிக்கொழுந்து எது, கட்டக்கோரை எது என்று தொட்டாலே தெரியும். அந்த அறிவுக்கு அங்கே கேள்வி கிடையாது.

‘பாட்டுக்குப் பாட்டு’ எங்கள் கரைக்கு டிவிக்கு முன்பே வந்தது. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்தியதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அப்பத்தாவுடையது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 30 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் கடல். சென்னையைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். டிவி வந்த புதிதிலும் ஆன்டெனாவைத் திருப்பி வைத்து இலங்கை டிவியான ரூபவாஹினி பார்த்த ஊர்கள் இவை. அப்துல் ஹமீது சன் டிவிக்கு வந்தபோது, தெரிந்த குரலுக்கு முகம் கிடைத்த மாதிரி இருந்தது என்று அப்பத்தா இன்றைக்கும் சொல்லும்.

அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. கோடி நிகழ்ச்சியில் நாலு விடையையும் வாசித்துக் காட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் நாம் திரையைப் பார்த்துக்கொண்டே யோசிக்கலாம், அதற்கு அது முடியாது. “மூணாவது என்னப்பா சொன்னாரு?” என்று கேட்பதற்குள் விடை போய்விடும். பாட்டில் கதை வேறு. கொடுக்கிற எழுத்தில் தொடங்குகிற பாட்டைப் பாட வேண்டும், அவ்வளவுதான். ‘ஞா’ என்று எழுத்து விழுந்தவுடன் வலை ஊசி அப்படியே நிற்கும். நூல் பாதிக் கண்ணியில் தொங்கும். உதடு மட்டும் அசையும். டிவியில் பாடுகிறவர் தடுமாறும்போது இங்கே பல்லவி வந்துவிடும், மெலிசாக, சுதி விலகாமல். ‘ஞா’வுக்கென்றே மூன்று பாட்டு வைத்திருக்கிறது. ‘க’வுக்குப் பாடினால் ‘கா’வுக்கு ஆகாது என்று பேரனைத் திருத்தும். எழுதத் தெரியாத அப்பத்தா குறில் நெடிலைக் காதால் பிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

இதற்கு நேர் எதிராகச் சித்தப்பா ஒன்றைச் சொல்வார், அதற்கு என்னிடம் பதில் கிடையாது. 2020 ஜனவரியில், கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’யில் ஒரு கோடியை வென்றவர் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா. காது கேளாத, வாய் பேசாத பெண். 15 கேள்வியையும் தாண்டினார். “உன் பாட்டுப் போட்டியில அந்தப் புள்ளைக்கு எடம் உண்டா?” என்று சித்தப்பா கேட்டார். இல்லை. கேள்வியும் விடையும் எழுத்தில் நிற்கிற நிகழ்ச்சியில்தான் அவருக்கு வழி இருந்தது. அந்த நிகழ்ச்சியை அன்று வீடே எழுந்து நின்று பார்த்தது. அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டது.

நடுவே ஜேம்ஸ் வசந்தனின் ‘ஒரு வார்த்தை ஒரு லட்சம்’ இருக்கிறது. தமிழுக்கு நல்லது செய்த நிகழ்ச்சி. ஒருவர் குறிப்புச் சொல்ல, ஜோடி சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை வீட்டில் ஆடியபோது தம்பி ‘கச்சான்’ என்று குறிப்புக் கொடுத்தான். எங்கள் கரையில் கச்சான் ஒரு காற்றின் பெயர், நான் ‘காற்று’ என்றேன். அவன் மனதில் இருந்தது நிலக்கடலை, சிலோன் எஃப்.எம். கேட்டுப் பழகியவன், இலங்கைக் கரையில் கச்சான் என்றால் கடலைதான். அருமையான விளையாட்டு. ஆனால் இரண்டு பேர் ஆட, மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

பண்டிகைக்குப் போடுகிற புதுப்படம் இந்தப் போட்டியிலேயே வராது. பாதிப் படத்தில் எல்லோரும் செல்போனுக்குள் போய்விடுகிறார்கள்.

போன தடைக்காலத்தில் ஒரு ராத்திரி கோடி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பதினோராவது கேள்வி அந்தரத்தில் நின்றது. இருட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சித்தப்பாவே, “சரி, ஆத்தா, ‘ம’வுல ஒண்ணு எடுத்து விடு” என்றார். அப்பத்தா வலையைக் கீழே வைத்தது.