எரிசக்தி ஆடிட் சேவை: காற்றில் பாஸ், காகிதத்தில் ஃபெயில்

நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் பராமரிப்பு என் பொறுப்பு. சட்டப்படி செய்தாக வேண்டிய எரிசக்தி ஆடிட்டை, அதாவது கரண்டும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் தணிக்கையை, இந்த முறை ஒரு புது நிறுவனத்திடம் கொடுத்தோம். ஆடிட்டர் தேடுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் குறை இந்தத் தொழிலில் பலரிடமும் உண்டு.

முதலில் சட்டம். 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ், ஜவுளித் துறையில் வருடத்துக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தியைச் செலவழிக்கும் ஆலைகள் தனிப் பட்டியலில் வரும். கரண்டாகவே கணக்கிட்டால் ஏறத்தாழ 3.5 கோடி யூனிட். பட்டியலில் ஏறிவிட்டால் தேர்வு எழுதிப் பாஸான எரிசக்தி மேலாளர் ஒருவர் வேண்டும், வருடாவருடம் கணக்கு கொடுக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.யின் அங்கீகாரம் பெற்ற ஆடிட்டரைக் கூப்பிட வேண்டும். தேர்வு பாஸானவர் எல்லாம் அங்கீகாரம் பெற்றவர் ஆகிவிட மாட்டார். கொட்டேஷன் ரொம்பக் குறைவாக வந்தால், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று கேட்டுவிடுங்கள்.

வந்த பையன்கள் தளத்தில் பிரமாதமாக வேலை செய்தார்கள். வார விடுமுறையில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லி, மெஷின்களுக்கு அழுத்தக் காற்று போகும் ஏர் லைனை மட்டும் திறந்து வைத்து, அந்தக் காற்றைத் தரும் கம்ப்ரசர் முன்னால் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்தார்கள். காற்று வாங்க ஒரு மெஷின்கூட ஓடவில்லை, ஆனாலும் கம்ப்ரசர் விட்டுவிட்டு லோடு ஏறி, அதாவது காற்றை அழுத்தி அனுப்பி, கொண்டே இருந்தது. லோடில் ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் பங்கு வந்துவிடும். எங்களுக்குக் கால் பங்குக்கு மேல்! 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட்டைத் தின்னும், அதுவும் மூன்று ஷிஃப்டும். அப்புறம் நூலைக் கோன்களில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் வரிசையில் சோப்புத் தண்ணீரோடு நடந்து, கசியும் ஒவ்வொரு கனெக்டரிலும் சிவப்பு டேக் கட்டினார்கள். எங்கள் ஃபிட்டர்கள் அதைப் பார்த்தே சரிசெய்தார்கள். இந்த ஒரு வேலைக்கே கொடுத்த காசு செரித்துவிட்டது.

ரிப்போர்ட் வந்தபோதுதான் கோபம் வந்தது. எங்கள் மில்லில் பாய்லரே கிடையாது. ரிப்போர்ட்டில் பாய்லர் புகைக்குழாயில் வெப்பத்தை மீட்கச் சொல்லி ஒரு பக்கம், போட்ட முதலீடு எப்போது திரும்ப வரும் என்ற கணக்கோடு! பரிந்துரைகளில் எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்று தனிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்பதால், இல்லாத பாய்லருக்கும் நான் விளக்கம் எழுதியிருக்க வேண்டும். திருப்பி அனுப்பி மாற்ற வைத்தேன்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கம். மில்லுக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை மார்கழியில் அளந்துவிட்டு அப்படியே வருடம் முழுவதற்கும் பெருக்கிவிட்டார்கள். சித்திரை வெயிலில் அந்த ஃபேன்களும் பம்புகளும் எப்படி ஓடும் என்பது மில்லில் வேலை பார்ப்பவருக்குத் தெரியும். அந்தக் கணக்கை நம்பி ஃபேன் மாற்ற நான் முதலாளியிடம் பணம் கேட்கப்போவதில்லை.

ஆடிட்டர்களை மட்டும் திட்டியும் பயனில்லை. 2010 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் வரை போகலாம் என்பதால் மேனேஜ்மென்ட் கேட்பது "ஃபைல் போயாச்சா?" என்பதைத்தான். தமிழ்நாட்டில் இதற்குப் பொறுப்பு மின் ஆய்வுத் துறை. ரிப்போர்ட்டை அங்கே யாராவது உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்டால் பாய்லர் பக்கம் தானாகக் காணாமல் போகும்.

அளவீட்டுக்கு ஐந்துக்கு நாலரை, ரிப்போர்ட்டுக்கு ஒன்றரை. கம்ப்ரசருக்கு இவர்களையே மறுபடி கூப்பிடுவேன். நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும், கரண்ட் செலவை அளக்கும் பவர் அனலைசர் கருவியில் பதிவான அசல் டேட்டா கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.